காய்ச்சினாலும் போகாதவை: தோல் கழிவும் நம் குடிநீரும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியின் கையில் நாங்கள் கொடுத்தனுப்பும் அறிவுரைச் சீட்டில், “காய்ச்சி ஆறவைத்த நீரையே பருகவும்” என்னும் வரி நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, டைபாய்டு ஆகியவற்றைத் தடுக்க அதனினும் எளிய வழி இல்லை. ஆயினும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலிருந்து வரும் குடும்பங்களுக்கு அவ்வரி பாதி உண்மையையே சொல்கிறது. மறுபாதியைச் சொல்லாமல் விட்டது எங்கள் குறை. அதை இவ்விதழில் சொல்ல முற்படுகிறோம்.

காய்ச்சினால் கிருமி சாகும்; உப்பும் உலோகமும் அப்படியே இருக்கும். பத்துக் குவளை நீரை எட்டுக் குவளையாக வற்றவிட்டால், பத்திலும் இருந்த உப்பு முழுவதும் எட்டில் வந்து சேரும். அடுப்பில் மறந்துவிட்ட ரசம் வற்றினால் உப்புக் கரிக்கும் என்பதை அறியாத வீடு உண்டோ? கிணற்று நீரில் தோல் கழிவின் உப்போ குரோமியமோ கலந்திருந்தால், காய்ச்சுவது அதனைக் குறைக்காது; சிறிதளவு செறிவாக்கவே செய்யும்.

இதைப் புரிந்துகொள்ள, கழிவு எங்கிருந்து வந்தது, துப்புரவு செய்கிறோம் என்கிறார்களே அது உண்மையில் என்ன செய்கிறது, இன்னும் எது எஞ்சியிருக்கிறது என்பவற்றைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு தோலும் அது குடிக்கும் நீரும்

நம் பகுதியில் முன்பு தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டையும் கடுக்காயும். மூத்தவர்கள் அந்தப் பட்டை ஊறலின் வாடையை இன்றும் நினைவுகூர்வர். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுமையாகப் பதனிட்ட தோலையும் காலணியையும் அனுப்ப வேண்டும் என்பது அரசின் கொள்கையாயிற்று. வாரக்கணக்கில் நடந்த வேலையை ஒரு நாளில் முடிக்கும் குரோம் முறை அதனோடு பரவியது. டிரம்மிலிருந்து வெளிவரும் இளநீலத் தோலை ‘வெட் புளூ’ என்று இப்பகுதியில் சிறு பிள்ளைகளும் சொல்வர்.

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் நீர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பொன்றில் குறித்துள்ளது. அந்நீர் வெளியேறும்போது எவற்றைச் சுமந்து வருகிறது? முதலாவது உப்பு. பச்சைத் தோல் அழுகாதிருக்க, அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு உப்பு தூவப்படுகிறது. ஊறவைக்கும் தொட்டியில் அது முழுவதும் நீரில் இறங்கிவிடும். அடுத்தவை மயிர் நீக்கப் பயன்படும் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். அதன் பின்னரே குரோமியம். பழைய முறையில் டிரம்மில் இட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கையே தோல் உறிஞ்சும். எஞ்சியது கழிவு நீரோடு போகும்.

மக்கள் குரோமியத்தைக் கண்டே அஞ்சுகின்றனர். ஆம்பூர்ப் பகுதியின் கிணறுகளை முதலில் கெடுத்தது உப்பு என்பது எங்கள் கருத்து. உப்பு மண்ணில் தங்காது. நீரோடு நீராகக் கீழிறங்கும். தென்னை காய்ப்பு விடுவதும், நெல் வயல் வெள்ளை பூத்துப்போவதும், கிணற்று நீரில் பருப்பு வேகாமற்போவதும் அதன் அடையாளங்கள்.

ராணிப்பேட்டையில் குவிந்தது

குரோமியத்தில் இரு வகை உண்டு. இதைத் தெளிவாகப் பிரித்தறிவது அவசியம். தோல் டிரம்மில் இடுவது மூன்று இணைதிறன் உடைய வகை. நடுநிலையான நீரில் அது கரையாமல் பச்சை நிறச் சேறாகப் படியும், நஞ்சும் குறைவு. மற்றது ஆறு இணைதிறன் உடையது. மஞ்சள் நிறமானது, நீரில் எளிதில் கரைந்து நிலத்தடியில் நெடுந்தூரம் செல்லவல்லது. தோலை அரிக்கும்; அதன் தூசையும் ஆவித்துளியையும் பல்லாண்டு சுவாசித்தவர்க்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட முடிவு. இக்கட்டுரையில் இனி முன்னதை மூன்றாம் வகை என்றும் பின்னதை ஆறாம் வகை என்றும் குறிப்போம்.

தோல் ஆலைகளுக்கு வேண்டிய குரோமிய உப்பைச் செய்ய, முதலில் தாதுவிலிருந்து ஆறாம் வகையை உண்டாக்க வேண்டும். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்வேலையைச் செய்தது. 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு ஆலை வளாகத்திலேயே மலையெனக் கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அதன் ஊடாக நீர் வடிந்து மஞ்சளாக வெளிவந்தது. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட, உலகில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில், செர்னோபிலோடு ராணிப்பேட்டையின் பெயரும் இருந்தது. அப்பட்டியலால் ஊருக்கு வந்த அவப்பெயர் பெரிது. ஆலை மூடினால் மாசு நிற்கும் என்று நினைத்திருந்தோர்க்கு, மூடிய ஆலையும் ஒவ்வொரு மழைக்கும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும் என்பது விளங்கிற்று.

2015ஆம் ஆண்டு நேர்ந்ததோ வேறு வகை. சனவரி 31 அன்று, நள்ளிரவுக்குப் பின், ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் கழிவு நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. அடுத்திருந்த தோல் ஆலையின் கொட்டகையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்மீது கழிவுச் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தனர்; பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காப்பதற்கென்று கட்டிய நிலையத்திலேயே இது நிகழ்ந்தது என்பதை மறக்க இயலவில்லை. நீரைச் சுத்திகரிக்கச் சுத்திகரிக்கச் சேறு சேர்ந்துகொண்டே போகும். அதை அவ்வப்போது முறையான இடத்துக்கு அகற்றாவிட்டால், ஆற்றுக்குப் போகாத நஞ்சு தொட்டியில் உயர்ந்து நிற்கும்.

துப்புரவு என்னும் சொல்

வீட்டைக் கூட்டினால் குப்பை வெளியே போகிறது. நிலத்தடி நீரைத் துப்புரவு செய்வது அத்தகையதன்று. உலோகத்தை எரித்தோ மக்கச்செய்தோ இல்லாமலாக்க முடியாது. அதன் இடத்தை மாற்றலாம், வடிவத்தை மாற்றலாம், மழை படாமல் மூடலாம்.

குவிந்த கழிவுக்குச் செய்யத்தக்கது, நீர் கசியாத விரிப்பின்மீது அதனை அடைத்து மேலும் மூடுவது. ஏற்கெனவே நிலத்தடியில் இறங்கிவிட்ட ஆறாம் வகைக் குரோமியத்துக்கு வேறு வழி: நீரை இறைத்து மேலே கொண்டுவந்து இரும்பு சல்பேட் கலந்தால் அது மூன்றாம் வகையாக மாறிச் சேறாகப் படியும். நிலத்துக்குள்ளேயே இம்மாற்றத்தைச் செய்வதும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஹின்க்லி என்னும் சிற்றூரில், எரிவாயு அழுத்த நிலையம் ஒன்று 1950களிலும் 1960களிலும் துருப்பிடிக்காதிருக்கப் பயன்படுத்திய குரோமேட் நீரைத் தளமிடாத குட்டைகளில் விட்டது. 1996இல் அவ்வூர் மக்களுக்கு 33 கோடியே 30 லட்சம் டாலர் இழப்பீடு தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிறகு எத்தனால் என்னும் சாராயத்தை நிலத்துக்குள் செலுத்தி, அதை உண்டு பெருகும் நுண்ணுயிர்களைக் கொண்டு குரோமியத்தை மூன்றாம் வகையாக மாற்றி வருகின்றனர். பணமும் தொழில்நுட்பமும் மிகுந்த நாட்டிலேயே ஒரு சிற்றூரின் நிலத்தடி நீரைத் திருத்தப் பல பத்தாண்டுகள் தேவைப்படுகின்றன. நம் ஊரில் “இரண்டு மழை நன்றாகப் பெய்தால் கிணறு சுத்தமாகிவிடும்” என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைக் கண்டு மகிழ்ந்தோம். வெள்ளம் ஆற்று மணலை அலசும், அதன் கீழும் பக்கத்திலும் உள்ள நிலத்தடி நீரை ஒரு பருவத்தில் அலசிவிடாது.

மூன்றாம் வகையாக மாற்றிவிட்டால் கவலை தீர்ந்ததா என்று கேட்கலாம். பெரிதும் தீர்ந்தது எனலாம்; ஆயினும் முழுவதும் அன்று. சுண்ணாம்போடு சேர்த்து எரித்தாலோ, காற்றோட்டத்தில் மிகுந்த வெப்பம் பட்டாலோ அது மீண்டும் ஆறாம் வகையாகத் திரும்பக்கூடும். வெந்நீர் அடுப்புக்குத் தோல் வெட்டுத்துண்டுகளையும் காலணிக் கழிவையும் எரிக்கும் வழக்கம் நம் பகுதியில் சில வீடுகளில் இன்னும் உண்டு. அதைக் கைவிட வேண்டும். புகையும் கேடு, சாம்பலும் கேடு. அச்சாம்பலைக் கொண்டு பாத்திரம் துலக்குவதையும் செடிக்கு இடுவதையும் பார்த்திருக்கிறோம்.

ஆம்பூரில் துத்திப்பட்டிலும் மாளிகைத்தோப்பிலும் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. கழிவு நீரைத் தெளியவைத்து, நுண்ணுயிர்களால் பக்குவப்படுத்தி, ஆர்.ஓ. சவ்வு வழியே அழுத்தி, நல்ல நீரை ஆலைக்கே திருப்பித் தருவதும், எஞ்சிய உவர்நீரை ஆவியாக்கி உப்பாகத் திரட்டுவதும் இப்போதைய முறை. சொட்டு நீரும் வெளியேறக் கூடாது என்பதே இலக்கு. முன்னைய நிலைக்கு இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் திரட்டிய கலப்பு உப்பை வாங்குவார் இல்லை. அது மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் காத்திருக்கிறது. மழைக் காலத்தில் பாலாற்றில் வெண்ணுரை மிதப்பதாகச் செய்தி வருவதும் நின்றபாடில்லை.

வழக்கும் தீர்ப்பும்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இந்தியச் சட்டக் கல்லூரிகள் அனைத்திலும் பாடமாக உள்ளது. தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது: கேடு வருமுன் தடுப்பதும், மாசுபடுத்தியவரே திருத்துவதற்கான செலவை ஏற்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சேதத்தை மதிப்பிடச் சூழலியல் இழப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அவ்வாணையம் 2001இல் ஏறத்தாழ 29,000 பேருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் இழப்பீடு என்று முடிவு செய்தது. பங்கிட்டுப் பார்த்தால் சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு. ஒரு கிணற்றை ஆழப்படுத்தவும் அது போதாது.

அண்மைச் செய்தி, 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அளித்த தீர்ப்பு. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட்டு, அதனை மாசுபடுத்திய ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றுப் பகுதியின் சேதத்தைத் தணிக்கை செய்து சீர்செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டனர். வழக்கு முடித்துவைக்கப்படவில்லை, நீதிமன்றம் தொடர்ந்து கண்காணிக்கிறது. 2001ஆம் ஆண்டின் பட்டியலில் பெயர் உள்ளவர்கள், அல்லது அவர்களின் வாரிசுகள், நிலப் பட்டாவோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. பட்டியலில் உள்ள முதியோர் பலர் இன்று நோயாளிகளாகவும் இருக்கலாம். உடன் வரும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

வீட்டுக் குடிநீர்

மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் குழாய் வழியே கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஆம்பூருக்கும் எட்டியுள்ளது. குடிக்கவும் சமைக்கவும் அந்நீரே முதல் தெரிவாக இருக்கட்டும். அது சில நாளுக்கு ஒரு முறை வருவதால் பிடித்துவைத்த நீரைக் காய்ச்சிக் குடிப்பது சரியே. ஆழ்துளைக் கிணற்று நீரை அது வராத நாளில் குளிக்க, துவைக்க, வாசல் தெளிக்கப் பயன்படுத்தலாம். சமையலை மறந்துவிடுகின்றனர் பலர்: குடிப்பது காவிரி நீர், உலையில் வைப்பது போர்வெல் நீர். அரிசியும் பருப்பும் அவ்வளவு நீரையும் உறிஞ்சிக்கொள்கின்றன.

நீரைச் சோதிக்க விரும்புவோர் இரண்டு எண்களை நினைவில் கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு நீரே இல்லாதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதற்குத் தளர்வு கிடையாது. கடையில் விற்கும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் உப்பை மட்டுமே காட்டும். அது 300 என்று காட்டினால் நீரில் குரோமியம் இல்லை என்று பொருளாகாது. ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த குரோமியத்தை அக்கருவி உணராது. நாவும் கண்ணும் அப்படியே: நீர் மஞ்சளாகத் தெரியும் அளவுக்குக் குரோமியம் ஏறிவிட்டால், அது வரம்பைப் பல மடங்கு தாண்டிவிட்டது என்று கொள்க.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதிக்கலாம். வழக்கமான சோதனையில் குரோமியம் சேராமல் இருக்கக்கூடும். வேண்டும் என்று தனியே எழுதிக் கேளுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் மும்முறை அலசிப் பிடித்து, தேதியும் கிணற்றின் ஆழமும் ஒட்டி அன்றே கொடுப்பது முறை. குளிர்பானப் புட்டியில் நேற்றுப் பிடித்த நீரைக் கொண்டுபோனால் வரும் முடிவை நம்ப இயலாது. கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை என இருமுறை பார்ப்பது நல்லது.

மெழுகுவர்த்தி வடிகட்டியும், புற ஊதா விளக்குச் சாதனமும் உப்பையும் உலோகத்தையும் நீக்கா. ஆர்.ஓ. சாதனம் இரண்டையும் பெருமளவு நீக்கும், சவ்வைக் காலத்தில் மாற்றினால். அதிலிருந்து பக்கக் குழாயில் வெளியேறும் நீரில் நீக்கப்பட்டவை அனைத்தும் செறிந்திருக்கும். சிக்கனம் கருதி அதை ஆட்டுக்குட்டிக்கோ கீரைப் பாத்திக்கோ விடுவோர் உளர். கழிவறைக்கும் தரை கழுவவும் மட்டுமே அது ஏற்றது.

இரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம்

எங்கள் நோயாளிகளில் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களே இப்பாடத்தை முதலில் படிக்க வேண்டியவர்கள். ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டுவிட்டோம், ஆனாலும் அழுத்தம் குறையவில்லை என்று வருந்தும்போது, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்பதுண்டு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் சோடியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 2 லிட்டர் குடித்தால் 800 மில்லிகிராம் சோடியம். அது ஏறக்குறைய 2 கிராம் உப்புக்குச் சமம். உலக நலவாழ்வு நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 5 கிராமுக்குள்தான். அதாவது சோறு கறி எதுவும் உண்ணும் முன்பே ஐந்தில் இரண்டு பங்கு வயிற்றுக்குள் போய்விட்டது. இத்தகைய நீருள்ள வீட்டில் சோற்றுக்கு உலையில் உப்பிடுவதைத் தவிர்க்கலாம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதைச் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் தொட வேண்டாம். அதில் பொட்டாசியம் உள்ளது, அது அவர்களுக்கு உயிராபத்தாகும்.

தோலும் மூச்சும்

குரோமியம் படும் வேலையில் கைவிரல் கணுவிலோ நகத்தோரத்திலோ குழிவான சிறு புண் வரும். ஓரம் தடித்து நடுவில் ஆழமாக இருக்கும்; பெரும்பாலும் வலிக்காது. வலியின்மையால் மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுகின்றனர். அப்புண்மீது சுண்ணாம்போ மஞ்சளோ பூசாமல் காட்டுங்கள். மூக்கில் அடிக்கடி பொருக்கும் இரத்தமும் வந்தால், உள்ளிருக்கும் நடுத்தடுப்பில் துளை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரிப்போடு கூடிய தோலழற்சி, வேலையை விட்ட பின்பும் தோல் செருப்பும் கைக்கடிகாரப் பட்டையும் பட்ட இடத்தில் திரும்பத் திரும்ப வரலாம். கொத்தனார்களுக்கும் ஈரச் சிமெண்டால் இதே ஒவ்வாமை வருகிறது. அதிலும் சிறிதளவு குரோமியம் உண்டு.

தோல் ஆலையில் வேலை செய்தவர் என்பதாலேயே புற்றுநோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நுரையீரல் புற்றுநோயோடு உறுதியாகத் தொடர்புபடுத்தப்பட்டது ஆறாம் வகைக் குரோமியத்தைப் பல்லாண்டு சுவாசித்த நிலை. டிரம்மில் கையாளப்படுவது மூன்றாம் வகை. குடித்த நீரில் சிறிதளவு ஆறாம் வகை இருப்பின், இரைப்பை அமிலம் அதில் பெரும்பகுதியை மூன்றாம் வகையாக மாற்றிவிடும். இதனால் வரம்பு மீறிய நீரைக் குடிக்கலாம் என்பதன்று. நேற்றுவரை குடித்ததை எண்ணி உறக்கம் இழக்க வேண்டாம் என்பதே. இரத்தத்திலும் சிறுநீரிலும் குரோமியம் பார்க்கும் சோதனை அண்மையில் உடலில் புகுந்ததைத்தான் காட்டும். பின்னால் நோய் வருமா என்பதைச் சொல்லாது. ‘உடல் நச்சு நீக்கம்’ என்று விளம்பரம் செய்து பல்லாயிரம் ரூபாய் வாங்குவோரிடம் போக வேண்டாம்.

கசிவு நேர்ந்த அன்று

தொட்டி உடைந்தாலும், இரசாயனம் ஏற்றிய லாரி கவிழ்ந்தாலும், காற்று வரும் திசைக்கு எதிர்முகமாக, மேட்டுப் பகுதிக்கு விலகுங்கள். உடலில் பட்டிருந்தால் உடையைக் களைந்து ஓடும் நீரில் இருபது நிமிடம் கழுவுங்கள். அமிலம் பட்டதென்று சோடா உப்பையும், காரம் பட்டதென்று எலுமிச்சையையும் தேய்ப்பது புண்ணை ஆழமாக்கும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துக் கழுவிக்கொண்டே 108க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

தோல் ஆலைகளில் உயிர்களை மிக விரைவாகப் பறிப்பது குரோமியம் அன்று, அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. சல்பைடு கலந்த கழிவோடு அமிலக் கழிவு சேர்ந்தால் அது பொங்கி எழும். மூடிய தொட்டியின் அடிச்சேற்றிலும் தங்கியிருக்கும். அளவு கூடியதும் மூக்கு அதன் வாடையை உணரும் திறனை இழந்துவிடும். “நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்” என்று நினைக்கும் நேரமே மிக ஆபத்தான நேரம். ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க அண்ணன் இறங்க, அவரைத் தூக்க மைத்துனர் இறங்க, ஒரே தொட்டியில் ஒரே குடும்பத்தார் அடுத்தடுத்து மாண்டுபோகும் துயரம் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நிகழ்வது. கயிறும் சுவாசக் கருவியும் இன்றி எவரும் இறங்கக் கூடாது. தீயணைப்புத் துறைக்கு 101 என்ற எண்ணில் அழையுங்கள். மேலே நின்று காத்திருப்பது கல்நெஞ்சம் அன்று.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

புறநோயாளிப் பிரிவில், என்ன வேலை என்று கேட்டால் “கம்பெனி வேலை” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அதைக் கொண்டு மருத்துவர் ஒன்றும் அறிய இயலாது. ஊறல் தொட்டியிலா, சுண்ணாம்புத் தொட்டியிலா, குரோம் டிரம்மிலா, சாயத்திலா, ஸ்பிரே அடிக்கும் இடத்திலா, தூசு பறக்கும் பஃபிங் எந்திரத்திலா என்று சொல்லுங்கள். காலணித் தொழிற்சாலையில் பசை பூசும் பெண்கள், தலைவலியும் கிறுகிறுப்பும் வேலை நாளில் வந்து ஞாயிறன்று குறைகின்றனவா என்று கவனித்துச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு, கையுறை இருந்ததா, இப்போது அவ்வேலையில் இல்லையெனில் எப்போது விட்டீர்கள் என்பவையும் வேண்டும். பத்தாண்டுக்கு முன் விட்ட வேலையும் கணக்கில் சேரும்.

இவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டுக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் நீர்ச் சோதனைத் தாள் இருப்பின் அதையும் சேர்த்து, உங்கள் சிகிச்சைக் கோப்பில் வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக உடன் வரும் மகனோ மருமகளோ எழுதித் தரலாம். புதிய அறிவுரைச் சீட்டில் “காய்ச்சி ஆறவைத்த நீர்” என்னும் வரிக்குக் கீழே, “எந்த நீர்?” என்ற கேள்வியும் விடை எழுத இடமும் சேர்த்திருக்கிறோம்.